உட்கார்ந்தே களைக்கும் உடல்

2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் பிற்பகுதியில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. சீட்டாட்டமான பிரிட்ஜுக்கு அந்த ஆண்டுதான் முதன்முறையாக அங்கே இடம் கிடைத்தது. 60 வயது பிரணப் பர்தனும் 56 வயது சிப்நாத் சர்க்காரும் ஜோடியாக ஆடி அதில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார்கள். செஸ்ஸுக்கு இடமே இல்லை. இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், அதே ஜகார்த்தாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆசியப் போட்டி நடந்தபோது பட்டியலில் செஸ் இருந்தது. பெண்கள் ரேபிட் பிரிவு ஒன்றில் தங்கம் வென்றவர் திருச்சியைச் சேர்ந்த ஜெனித்தா ஆன்டோ.

ஜெனித்தாவைச் சிறு வயதிலேயே போலியோ தாக்கியது. சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடுபவர். பெண்களுக்கான இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்றவர். மாற்றுத்திறனாளிகளுக்கான உலக செஸ் போட்டியில் பெண்கள் பட்டத்தைப் பலமுறை வென்றவர். அவரை விளையாட்டு வீராங்கனை என்று அழைக்க எங்கள் ஊரில் யாரும் தயங்குவதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் செஸ் போட்டிக்காகப் பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்புக் கேட்டால், "உட்கார்ந்த இடத்தில் காய் நகர்த்துவதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸா?" என்ற கேள்வி உடனே வருகிறது. ஒரே கண்டம் ஒரே ஆண்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு விடை சொல்லியிருக்கும்போது, அதைக் கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. அறிவியலிடம் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விதான் இது.

நம் ஊரில் இது வெறும் வாய்ப்பேச்சும் அல்ல. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவு தனியாக நடக்கிறது. பொன்மலைப் பணிமனையில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு ரயில்வேயின் ஸ்போர்ட்ஸ் கோட்டா பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவை எல்லாவற்றிலும் கபடிக்கும் வாலிபாலுக்கும் பக்கத்தில் செஸ்ஸும் நிற்கிறது. அண்ணா விளையாட்டரங்கத்தில் விடிகாலையில் வியர்க்க வியர்க்க ஓடும் ஒரு பெண், "எனக்கும் செஸ் ஆடுகிறவருக்கும் ஒரே தட்டா?" என்று கேட்டால், அவருக்கு நேர்மையான பதில் சொல்லியாக வேண்டும்.

அரசாங்கங்களிடம் போனால் ஊருக்கு ஒரு பதில் கிடைக்கும். இந்தியா இதை என்றைக்கோ முடிவு செய்துவிட்டது. அர்ஜுனா விருது தொடங்கிய 1961ஆம் ஆண்டின் பட்டியலிலேயே மானுவல் ஆரோன் இருக்கிறார். கேல் ரத்னா விருதை முதன்முதலில் பெற்றவர் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த். 2013 நவம்பரில் ஆனந்தும் கார்ல்சனும் மோதிய உலகப் போட்டியைச் சென்னையில் தொடங்கி வைத்த முதல்வர் ஜெயலலிதா, அப்போது ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஜெர்மனியின் வரிச் சட்டத்தில், செஸ் விளையாட்டாகக் கருதப்படும் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வரியே எழுதி வைத்திருக்கிறார்கள். பிரிட்டன் பல்லாண்டுகளாக அதை விளையாட்டாக ஏற்கவில்லை. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்ஜ் தொடர்பான ஒரு வரி வழக்கில், சொல்லும்படியான உடல் உழைப்பு இல்லாதது விளையாட்டு ஆகாது என்று தீர்ப்பளித்தது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயை அங்கீகரித்தது. ஒலிம்பிக்கில் மட்டும் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் என்றால் என்ன என்பதை நன்றாக அறிந்த ஊர் ஸ்ரீரங்கம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபத அட்டையை விரித்து உட்கார்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. பரமபதத்தில் ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுகூட இல்லை. தாயக்கட்டை விழுந்தபடி ஏணியோ பாம்போ வாய்க்கும். எட்டு வயதுப் பேத்தியும் எண்பது வயதுப் பாட்டியும் அங்கே சரிசமம். அந்த ஆட்டத்தின் அழகே அதுதான். தாயத்தில் கொஞ்சம் யோசனை சேர்கிறது, எந்தக் காயை நகர்த்துவது என்று. ஆடுபுலி ஆட்டத்தில் தாயக்கட்டையே கிடையாது. முழுக்க முழுக்க யோசனை. செஸ்ஸும் இந்த முனையில்தான் நிற்கிறது. அதிர்ஷ்டமா திறமையா என்று பிரிக்க வேண்டியிருந்தால் கேள்வி இங்கேயே முடிந்துவிடும். இந்திய நீதிமன்றங்கள் ரம்மியையும் குதிரைப் பந்தயத்தையும் பற்றிக் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். ஆனால் திறமை இருந்தால் மட்டும் ஒன்று ஸ்போர்ட்ஸ் ஆகிவிடாது. கணக்குப் போடுவதிலும் வீணை வாசிப்பதிலும் திறமை இருக்கிறது. உடலுக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் கேள்வி.

செஸ்ஸின் ஆதரவாளர்கள் இந்த இடத்தில் எடுத்து வீசும் ஓர் எண் உண்டு: 6,000 கலோரி. ஒரு கிராண்ட்மாஸ்டர் போட்டி நாளில் அவ்வளவு எரிக்கிறார் என்று ஸ்டான்ஃபோர்டு நரம்பியல் அறிஞர் ராபர்ட் சபோல்ஸ்கி சொன்னதாக 2019இல் இஎஸ்பிஎன் எழுதியது. அன்றிலிருந்து வாட்ஸ்அப் குழுக்களிலும் பயிற்சி மையத் துண்டறிக்கைகளிலும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. செஸ்ஸை நேசிப்பவர்கள் இந்த எண்ணைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணக்கைப் பாருங்கள். மலையேறி இறங்கி நாள் முழுக்கச் சைக்கிள் மிதிக்கும் டூர் டி பிரான்ஸ் வீரர்தான் ஒரு நாளில் 6,000ஐ ஒட்டிச் செலவிடுகிறார். மூளையின் எடை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஓய்விலிருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 முதல் 400 கலோரி. மூளை பெருந்தீனிக்காரன்தான், ஆனால் அந்தத் தீனி நாம் சும்மா இருக்கும்போதும் ஏறக்குறைய அதே அளவில் நடக்கிறது. கடினமாக யோசிக்கும்போது கூடுவது சில சதவீதமே.

அப்படியானால், 2018இல் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் மிகைல் அன்டிபோவ் இரண்டு மணி நேர ஆட்டத்தில் 560 கலோரி எரித்ததாக ஒரு கருவி காட்டியதே? அந்தக் கருவி அளந்தது கலோரியை அல்ல, நாடித் துடிப்பை. ஓடும்போது தசைகள் ஆக்சிஜன் கேட்கின்றன, அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இதயம் விரைகிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் கருவி துடிப்பைக் கலோரியாக மாற்றுகிறது. செஸ் மேசையில் இதயம் விரைவது பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலினால். தசைகள் எதுவும் கேட்பதில்லை. கருவியின் கணக்கு அங்கே தப்பாகிவிடுகிறது. 1984 செப்டம்பரில் தொடங்கி ஐந்து மாதம் நீண்டு, 48 ஆட்டங்களுக்குப் பின் முடிவில்லாமல் நிறுத்தப்பட்ட உலகப் போட்டியில் அன்றைய சாம்பியன் கார்போவ் சுமார் 10 கிலோ இளைத்ததாகச் சொல்லப்படுவதும் உண்டு. அது நம்பக்கூடியதே. மாதக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டால் யாரும் இளைப்பார்கள். அதற்கு யோசனை எரித்த கொழுப்பு என்று பொருள் இல்லை.

உண்மையில் உடலுக்குள் நடப்பது இதைவிட நுட்பமானது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், 20 ஆண்களைக் கணினியோடு செஸ் ஆடவிட்டு அவர்களுடைய மூச்சையும் இதயத்தையும் அளந்தார்கள். ஆட்டம் தொடங்கியதும் சராசரி நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 75இலிருந்து 86க்கு ஏறியது. அது மெல்ல நடப்பவரின் துடிப்பு, அவ்வளவுதான். ஆனால் இன்னோர் அளவு கவனிக்க வேண்டியது. வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு, உடல் அந்த நேரத்தில் எந்த எரிபொருளை எரிக்கிறது என்று சொல்லிவிடலாம். 1க்கு அருகில் இருந்தால் மாவுச்சத்து, 0.7க்கு அருகில் இருந்தால் கொழுப்பு. ஆட்டத் தொடக்கத்தில் 0.89ஆக இருந்த விகிதம், முடிவில் 0.75க்கு இறங்கியிருந்தது. நாற்காலியை விட்டு எழாமலே எரிபொருளை மாற்றிக்கொண்டிருக்கிறது உடல். இதயத் துடிப்பின் இடைவெளிகளில் காணும் ஏற்ற இறக்கமும், நெருக்கடிக்கு உடல் தயாராகும் திசையில் நகர்ந்திருந்தது. இப்போது சில பெரிய போட்டிகளின் நேரலையில் ஆட்டக்காரரின் நாடித் துடிப்பைத் திரையிலேயே காட்டுகிறார்கள். கல்லாக உட்கார்ந்திருப்பவரின் எண் நேரம் குறையக் குறைய ஏறுவதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

களைப்பு எங்கிருந்து வருகிறது? கலோரி அதிகம் செலவாகவில்லை என்றால் நான்கு மணி நேர ஆட்டத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை ஏன் அப்படித் துவண்டுபோகிறது? 2022இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு பதிலைக் கண்டார்கள். ஒரு குழுவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மன வேலையும், இன்னொரு குழுவுக்கு எளிய மன வேலையும் கொடுத்து, மூளையின் வேதிப்பொருள்களை ஸ்கேன் வழியாகப் பார்த்தார்கள். கடின வேலை செய்தவர்களின் முன்மூளைப் பக்கப்பகுதியில் குளூட்டமேட் என்ற பொருள் தேங்கியிருந்தது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படும் பொருள்தான் அது. அளவுக்கு மீறித் தேங்கினால் அந்தப் பகுதியை இயக்குவது கடினமாகிறது. அப்படிக் களைத்தவர்கள், அதன்பின் கொடுத்த தேர்வுகளில் உழைப்புக் குறைந்ததையும் உடனே பலன் தருவதையும் நாடினார்கள். திட்டமிடுவது, உந்துதலை அடக்குவது, இன்னும் ஒருமுறை சரிபார்ப்பது என்று செஸ்ஸுக்கு உயிரான வேலைகள் எல்லாம் அந்தப் பகுதியைச் சார்ந்தவை. ஆட்டக்காரர்கள் 'பிளண்டர்' என்று சொல்லும் பெரும்பிழை எங்கிருந்து வருகிறது என்பதற்கு இது ஒரு நல்ல துப்பு.

2021 டிசம்பரில் துபாயில் கார்ல்சனும் நெபோம்னியாச்சியும் ஆடிய ஆறாவது ஆட்டம் 136 நகர்த்தல்கள், ஏழே முக்கால் மணி நேரம். உலகப் பட்டப் போட்டிகளில் அவ்வளவு நீண்ட ஆட்டம் அதுவரை நடந்ததில்லை. அதுவரை ஈடுகொடுத்து நின்ற நெபோம்னியாச்சி அதில் தோற்றார். அதன்பின் நடந்ததுதான் மனத்தைப் பிசைகிறது: எட்டாவது, ஒன்பதாவது, பதினொன்றாவது ஆட்டங்களில் அவர் செய்த பிழைகள், பள்ளிப் போட்டியில்கூடக் கோச் கண்டிக்கும் வகையானவை. அவர் செஸ்ஸை மறந்துவிடவில்லை. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று, உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்ததும் அப்படித்தான். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்தது. 18 வயது குகேஷ் உலக சாம்பியன் ஆனார். டிங்குக்குத் தெரியாத எதையும் குகேஷ் அந்த நொடியில் தெரிந்துவைத்திருக்கவில்லை. ஏறக்குறைய மூன்று வாரப் போட்டியின் கடைசி மணி நேரத்தில், கடிகாரத்தில் நேரம் குறைந்த நிலையில், ஒருவரின் மூளை தளர்ந்தது; மற்றவருடையது தளரவில்லை.

காற்றைப் பற்றிய ஓர் ஆய்வு எனக்கு இவை எல்லாவற்றையும்விட வலுவானதாகப் படுகிறது. ஜெர்மனியில் செஸ் போட்டிகள் நடந்த அரங்குக்குள்ளேயே கருவிகளை வைத்து, காற்றில் இருந்த நுண்துகள்களை அளந்தார்கள். 121 ஆட்டக்காரர்கள், சுமார் 30,000 நகர்த்தல்கள். ஒவ்வொன்றும் சரியா தவறா என்று கணினி மதிப்பிட்டது. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகளின் அளவு ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், பிழை நேரும் வாய்ப்பு 2.1 சதவீதப் புள்ளிகள் கூடியது. நேரம் நெருக்கும் கட்டத்தில் பாதிப்பு இன்னும் மோசம். நுரையீரலுக்குள் போகும் தூசி ஒரு சிப்பாயை எங்கே நகர்த்துவது என்பதைத் தீர்மானிக்கிறது என்றால், செஸ்ஸுக்கும் உடலுக்கும் தொடர்பில்லை என்று இனி எப்படிச் சொல்வது?

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தை இன்னும் நான் தொடவில்லை. திருச்சி கே.கே. நகரில் ரைபிள் கிளப் இருக்கிறது. துப்பாக்கி சுடுதலிலும் ஓட்டமில்லை, வியர்வையில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கத்தான் அங்கே பயிற்சி. ஆனாலும் அது ஒலிம்பிக் விளையாட்டு, யாரும் கேள்வி கேட்பதில்லை. ஏன்? எங்கே சுட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுட்டுக் காட்டுவதில்தான் வெற்றி. விரல் ஒரு நூலிழை நடுங்கினாலும் புள்ளி போகும். செஸ்ஸில் நிலைமை தலைகீழ். எங்கே வைக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் எல்லாமே. காயை எடுத்து வைக்கும் கைக்கு மதிப்பெண் இல்லை. ஃபிடேயின் விதிகளே இதை ஒப்புக்கொள்கின்றன: காயை நகர்த்த இயலாத ஆட்டக்காரருக்கு, நடுவர் ஏற்கும் உதவியாளர் ஒருவர் நகர்த்திக் கொடுக்கலாம். பேட்ஸ்மேனுக்குப் பதிலாக இன்னொருவர் மட்டையை வீச முடியுமா? முடியாது. அதனால் செஸ்ஸில் உடல் வெறும் பார்வையாளர் என்கிறது இந்த வாதம்.

இது எளிதில் தள்ளக்கூடிய வாதம் அல்ல. இதைச் சோதித்துப் பார்க்க, உடலை முழுவதும் விலக்கி ஆடப்படும் செஸ் ஒன்று நம் காலத்திலேயே இருக்கிறது. கடிதம் வழியே தொடங்கி இன்று இணையத்தில் நடக்கும் அஞ்சல் செஸ்தான் அது. ஒரு நகர்த்தலுக்கு நாள்கணக்கில் அவகாசம். கணினியின் உதவியும் அனுமதி. தூங்கி எழுந்து, சாப்பிட்டு, நிதானமாக யோசித்து ஆடலாம். விளைவு? மேல்மட்ட அஞ்சல் போட்டிகளில் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் டிராவில் முடிகிறது. களைப்பையும் பதற்றத்தையும் கடிகாரத்தையும் எடுத்துவிட்டால் வெற்றி தோல்வியும் கூடவே போய்விடுகிறது. அரங்கில் நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடும் செஸ்ஸில் ஒருவர் வெல்கிறார் என்றால், எதிரில் இருக்கும் மனித உடல் எங்கோ ஓர் இடத்தில் தாங்காமல் போனது என்று பொருள். கைக்கு அங்கே வேலை இல்லைதான். கண்ணுக்கும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் முன்மூளைக்கும் வேலை இருக்கிறது. விரல் மட்டும்தான் உடல் என்று யார் சொன்னது?

மூளையை உடலிலிருந்து பிரித்து வைக்கும் பழக்கம்தான் இந்தக் குழப்பத்தின் வேர் என்று நினைக்கிறேன். தசை பயிற்சியால் மாறுவது போலவே மூளையும் மாறுகிறது. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் ஒரு சோதனை செய்தார்கள். நடு ஆட்டத்தில் இருக்கும் ஒரு செஸ் பலகையை ஐந்து நொடி காட்டிவிட்டு மறைத்து, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். புதிதாக ஆடுபவர் நான்கு காய்களைச் சரியாக வைத்தார். மாஸ்டர் சுமார் பதினாறை வைத்தார். அதே காய்களை அர்த்தமில்லாமல் இறைத்துக் காட்டியபோது மாஸ்டரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். மாஸ்டருக்குப் பிறவியிலேயே பெரிய நினைவாற்றல் வாய்த்துவிடவில்லை. காய்கள் கூடி நிற்கும் அமைப்புகளை ஆயிரக்கணக்கில் ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார். பின்னாளில் மூளை ஸ்கேன்கள், மனித முகங்களை அடையாளம் காண உதவும் பகுதி செஸ் வல்லுநர்களுக்குப் பலகையைப் பார்க்கும்போதும் கூடுதலாக இயங்குவதைக் காட்டின. பார்த்த மாத்திரத்தில் அக்காவை அக்காவென்று அறிவது போல அவர்கள் ஒரு நிலையை அறிகிறார்கள். இப்படிப் பழக்கப்பட்ட உறுப்புக்கு வயதும் ஆகிறது. 1890 முதல் 2014 வரையிலான உலகச் சாம்பியன்களின், அவர்களோடு மோதியவர்களின் ஆட்டங்களை ஆராய்ந்ததில், திறன் இருபது வயது வரை வேகமாக ஏறி, 35ஐ ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு மெல்ல இறங்குவது தெரிந்தது. ஓட்டப்பந்தய வீரரின் கோடு இன்னும் செங்குத்தாக இறங்கும். ஆனால் இரண்டும் ஏறி இறங்கும் கோடுகள்தான்.

ஊக்கமருந்தும் இதையே சொல்கிறது. 2017இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 39 ஆட்டக்காரர்களுக்கு மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட், காஃபீன் ஆகியவற்றைக் கொடுத்து ஆடவைத்தார்கள். மருந்து எடுத்தவர்கள் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதல் நேரம் யோசித்தார்கள். அதனாலேயே நேரம் தீர்ந்து தோற்றவர்கள் பலர். அப்படித் தோற்ற ஆட்டங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களின் ஆட்டம் மேம்பட்டிருந்தது. ரத்தத்தில் கலக்கும் ஒரு வேதிப்பொருள் ஆட்டத்தின் தரத்தையே மாற்றுகிறது. ஃபிடே உலக ஊக்கமருந்து தடுப்பு விதிகளை ஏற்றிருப்பது வெறும் சடங்கு அல்ல.

இயந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1997இல் டீப் ப்ளூ கணினி உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றபோது செஸ் முடிந்தது என்றார்கள். இன்று ஒரு கைபேசிச் செயலி எந்த உலகச் சாம்பியனையும் வீழ்த்தும். செஸ் என்பது வெறும் புதிராக இருந்திருந்தால் அன்றைக்கே ஆர்வம் வற்றியிருக்கும். கார் வந்த பிறகும் நாம் நூறு மீட்டர் ஓட்டத்தைப் பார்க்கிறோம். மனிதனால் எவ்வளவு முடியும் என்பதே அங்கே பார்க்க வேண்டியது. 2022 ஜூலை, ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அவ்வளவு பேர் போய்ப் பார்த்ததும் அதற்காகத்தான்.

எனவே என் முடிவு இது. அம்மா மண்டபப் படித்துறையிலிருந்து காவிரியில் இறங்கி நீந்திக் குளிப்பதும் நீச்சல் போட்டியும் ஒன்றல்ல, நீர் ஒன்றுதான் என்றாலும். சித்திரை வீதித் திண்ணையில் காபி ஆறும்வரை ஆடும் செஸ்ஸும், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் தூக்கம் வரும்வரை கைபேசியில் ஆடும் செஸ்ஸும் நல்ல பொழுதுபோக்கு. அவற்றை ஸ்போர்ட்ஸ் என்று அழைக்கத் தேவையில்லை. கடிகாரம் ஓட, நடுவரான ஆர்பிட்டர் நிற்க, ரேட்டிங் போகுமோ வருமோ என்ற நிலையில், பல நாள் தொடர்ந்து ஆடும் போட்டி செஸ் ஸ்போர்ட்ஸ்தான். அங்கே முடிவைத் தீர்மானிப்பது பயிற்சி பெற்ற ஓர் உடலின் எல்லை. அண்ணா விளையாட்டரங்கத்தில் ஓடும் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதும் இதையே. உங்கள் உழைப்பும் அவர் உழைப்பும் ஒரே மாதிரியானவை என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரையும் தடுத்து நிறுத்துவது உடலின் எல்லைதான் என்கிறேன்.

இப்படி ஏற்றுக்கொண்டால் சில கடமைகளும் கூடவே வருகின்றன. செஸ் ஸ்போர்ட்ஸ் ஆகிவிட்டது என்று சொல்லி, பி.டி. பீரியடில் பிள்ளைகளை வகுப்பறையிலேயே உட்கார வைத்துப் பலகையைக் கொடுக்கும் பள்ளிகள் தவறு செய்கின்றன. 5 முதல் 17 வயது வரை நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். செஸ் அதற்கு ஈடாகாது. நாடித் துடிப்பு 86 எந்தக் குழந்தையின் எலும்பையும் நுரையீரலையும் வலுப்படுத்தாது. உண்மையில் செஸ் பிள்ளைக்குத்தான் மைதானம் கூடுதலாகத் தேவை. செஸ் ஆடினால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்ற வாக்குறுதியையும் நம்பிச் சேர்க்க வேண்டாம். இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் செய்த பெரிய சோதனையில் அப்படி எந்தப் பலனும் தெரியவில்லை. செஸ்ஸைச் செஸ்ஸுக்காகக் கற்றுக்கொடுத்தால் போதும்.

போட்டி நடத்துபவர்கள் யோசிக்க வேண்டியதும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் ஒரே நாளில் ஆறு, ஏழு ரவுண்டு வைத்து ஒன்பது வயதுப் பிள்ளைகளை மாலை வரை உட்கார வைக்கிறோம். மே மாதத் திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, கல்யாண மண்டபத்தில் சன்னல்களை அடைத்துவிட்டு நூற்றுக்கணக்கான பேரை ஒரே காற்றை மூச்சுவிடச் சொல்கிறோம். ஓட்டப்பந்தயத்தை உச்சி வெயிலில் வைத்தால் கேள்வி கேட்கும் பெற்றோர், இதைக் கேட்பதில்லை. ரவுண்டுகளை ஐந்தோடு நிறுத்தலாம். மதிய உணவுக்கு முழுதாக ஒரு மணி நேரம் விடலாம். சக்கர நாற்காலி ஏற முடியாத மாடி மண்டபத்தைத் தவிர்க்கலாம். ரவுண்டுக்கு ரவுண்டு கதவுகளைத் திறந்துவைத்து, கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை ஆர்பிட்டர் மேசையில் வைத்து, எண் ஏறினால் அடுத்த ரவுண்டைப் பத்து நிமிடம் தள்ளிப்போடலாம். இவற்றில் எதற்கும் ஃபிடேயின் அனுமதி தேவையில்லை.